பிலோமினாவுக்கு நீங்கள் கொடுக்காத நியமனம்

வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. தெரிந்த பெயர் தவறிவிடும் என்று அம்மா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிடுவார். விடுமுறைக்கு நான் எங்கள் ஊரான சுருவிலுக்கு வந்திருந்தேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் சொன்னது: நெடுந்தீவைப் பிறப்பிடமாகக் கொண்டவரும் பல்கலைக்கழக விலங்கியல் விரிவுரையாளருமான செல்வி பிலோமினா காலமானார். அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இனித் தேறமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் தேங்காய்ப் பாதியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். பிறகு, சொன்னால் குறை நினைப்பீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. விரிவுரையாளராம்!

அவள் ஒருநாளும் விரிவுரையாளராக இருக்கவில்லை. தெற்கே நாங்கள் இருவரும் வேலை செய்த பல்கலைக்கழகத்தில், சேர்ந்த நாள் முதல் சாகும்வரை அவள் தற்காலிக டெமொன்ஸ்ரேற்றர். விரிவுரையாளர் மண்டபத்தில் பாடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆய்வுகூடத்தில் மாணவர்களோடு நின்று தவளையை அறுத்துக் காட்டுவது டெமொன்ஸ்ரேற்றரின் வேலை. வருடம் முடிய வேலையும் முடியும். பிறகு தயவு பண்ணிப் புதுப்பிப்பார்கள். புதிதாகப் பட்டம் எடுத்த பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடம் நின்று கடந்துபோகிற வாசற்படி அது. அந்த வாசற்படியில் பிலோமினாவை ஒரு ஆயுள் முழுவதும் நிற்க வைத்தார்கள். அறிவித்தலை எழுதிக் கொடுத்தது அவளுடைய தம்பி. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர் விரிவுரையாளர்தானே என்று அவர் நினைத்திருக்கிறார். வானொலிக்காரர்களும் ஆராயாமல் வாசித்துவிட்டார்கள்.

இந்த நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்று அவளுடைய துறையார் நீங்கள் கேட்டீர்கள். "நல்லதா நாலு வரி" என்று சொல்லித்தான் கேட்டீர்கள். வேறு யார் யார் எழுதுகிறார்கள் என்று விசாரித்தேன். அவளுடைய நேர்முகப் பரீட்சைகளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பாதிப்பேர். அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று படிக்காமலே எனக்குத் தெரியும்: அமைதியானவர், அடக்கமானவர், பதவிக்கு ஆசைப்படாதவர். மூன்றும் பச்சைப் பொய். பிலோமினா அமைதியானவள் அல்ல. அவள் சிரித்தால் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும், கோபித்தால் அதற்கும் அப்பால் கேட்கும். அடக்கம் அவளுக்குக் கிட்டேயும் வந்ததில்லை. பதவிக்கு அவள் ஆசைப்பட்டாள். தனக்கு உரியது என்று தெரிந்து, பசிக்கிறவர் சோற்றுக்கு ஆசைப்படுவதுபோல ஆசைப்பட்டாள். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எழுதினால் அது வேறு யாரையோ பற்றி எழுதியதாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம், அவள் விலங்கியலில், நான் இரசாயனத்தில். ஆண் டெமொன்ஸ்ரேற்றர்மாருக்கு ஆசிரியர் அறையில் கதிரை இருந்தது. எங்களுக்கு இருக்கவில்லை. ஆய்வுகூடத்துத் தராசு அறையில் நின்றபடிதான் சாப்பாட்டுப் பொதியைப் பிரிப்போம். துறைக் கூட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் எங்களை உள்ளே கூப்பிடுவார்கள், தேநீர் ஊற்ற. ஒருமுறை வெளியிலிருந்து பரீட்சகர்கள் வந்திருந்தார்கள். "பிள்ளை, தேத்தண்ணியைக் குடுமன்" என்றார் துறைத் தலைவர். பிலோமினா போய், ஆய்வுகூடத்துக் கண்ணாடி முகவைகளில் தேநீரை ஊற்றித் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு வந்தாள். முதல் நாள்வரை அவற்றில் மாதிரி ஊறவைக்கும் போமலினும் மண்புழுவும் இருந்தது எல்லாருக்கும் தெரியும். தலைவர் ஒரு முகவையைத் தூக்கிப் பார்த்தார். "வடிவாக் கழுவினதுதான் சேர். நீங்கள் எனக்குத் தந்த ஏனம் இதுகள்தானே, கோப்பை எங்க இருக்கெண்டு எனக்குக் காட்டேல்லை" என்றாள். ஒருவரும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களை யாரும் தேநீர் ஊற்றக் கூப்பிடவுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய துறையில் கடலுயிர்களைப் பற்றிப் படிப்பிக்க ஒரு நிரந்தர விரிவுரையாளர் பதவி உருவானது. மாணவர்களை ஒவ்வொரு வருடமும் எங்கள் தீவுப் பகுதிக்குக் கூட்டிவந்து கடலில் மாதிரிகள் சேகரிப்பது அந்தப் பதவியின் பெரிய பொறுப்பு. நெடுந்தீவில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, முதல் வகுப்பில் தேறி, கடலட்டையில் ஆராய்ச்சி செய்யத் தொடங்கியிருந்த ஒருத்தி அங்கேயே இருந்தாள். வேறு எங்கே தேடுவது? ஆனால் தேடினார்கள். நேர்முகப் பரீட்சையில் முதல் கேள்வி, அப்பா என்ன செய்கிறார் என்பது. கடற்றொழில் என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இரண்டாவது கேள்வி, கலியாணம் முடித்தால் வேலையை விட்டுப் போய்விடுவீரா என்பது. கடைசியில் துறைத் தலைவர், யாழ்ப்பாணப் பட்டணத்தில் பிறந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் அதிகம் வந்திராதவர், மிகுந்த மரியாதையோடு ஒரு விளக்கம் சொன்னார்: "தீவுப் பக்கத்துத் தொழிலாளிகள் பொம்பிளையளை வள்ளத்தில ஏத்தமாட்டினம். அது அவையின்ர வழக்கம். படிச்ச நாங்கள் அதை மதிக்கவேணும், என்ன பிள்ளை?"

பதவி அவளோடு படித்த ஒருவருக்குப் போனது. அவர் இரண்டாம் வகுப்பு. மோசமான மனிதர் என்று சொல்லமாட்டேன்; கையில் வைத்ததை யாருடையது என்று கேட்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் சாதாரண மனிதர். அவரைக் கூட்டிப்போய்த் தீவுகளின் களப்பகுதிகளையெல்லாம் காட்டிக்கொடுக்கும்படி பிலோமினாவுக்கே உத்தரவு வந்தது. அவள் என்னிடம் வந்து பல்லைக் கடித்தாள். "என்ர ஊர் வழக்கத்தை எனக்குச் சொல்லித்தருகினம்" என்றாள். அந்த வருட விடுமுறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனாள். தகப்பனாரின் வள்ளத்தில் கடலுக்குப் போய் மாதிரி எடுத்துவந்து துறைத் தலைவரின் மேசையில் வைப்பது அவளுடைய திட்டம். பெண்களும் ஏறுகிற பயணிகள் லோஞ்சில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து போகும்போது, "இதில ஆடு ஏறுது, சைக்கிள் ஏறுது, கன்னியாஸ்திரி ஏறுறா. என்ர பேராசிரியர் ஒருக்கால் வந்து பாக்கட்டும்" என்று வழிநெடுக அவரை ஏசிக்கொண்டே வந்தாள்.

ஆனால் வழக்கம் உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல். அவளுடைய தகப்பனார் கேட்டவுடனே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"பிள்ளை, நீ எதைக் கேட்டாலும் செய்வன். இது ஏலாது. பொம்பிளை ஏறினா அந்த வள்ளத்துக்கு மீன் படாது. என்ர அப்பர் ஏத்தேல்லை, நானும் ஏத்தேன்."

"அப்ப அந்தப் பேராசிரியர் சொன்னது சரி எண்டுறியள்?"

"அவர் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. நான் சொல்லுறது இதுதான்."

முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாயார் தலை நிமிராமலே பேசினார். "என்ன கதை உது? இவளைப் பெற என்னை எதில ஏத்தி ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனீங்கள்? பிளேனிலயோ?"

"அது வேற. அண்டைக்கு வலை ஏத்தேல்லை."

"அப்ப இண்டைக்கும் இறக்குங்கோவன்."

தகப்பனார் சுருட்டைப் பற்றவைத்தார். "எனக்கு வலை என்னத்துக்கு அப்பா? கடலட்டையைக் கையாலதானே எடுக்கிறது" என்றாள் பிலோமினா, அவருக்கு மட்டும் வைத்திருந்த குரலில். விலக்கு வள்ளத்துக்கு அல்ல, வலைக்கு. வலை இல்லாத வள்ளம் வெறும் பலகை. அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். தகப்பனாரின் அண்ணர் ஒருவர் வந்து முணுமுணுத்தார். தாயார் அவரையும் ஒரு கேள்வி கேட்டு இருத்திவிட்டார். பொழுதுபடுமுன் வலைகளை மணலில் இறக்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் விடியப் போனோம். தம்பியின் காற்சட்டையும் பழைய சட்டையும் போட்டுக்கொண்டு, நயினாதீவுப் பக்கத்து ஆழமில்லாத கடலில் அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சாதாழைக் கடற்புல் பற்றைக்குள் கையை விட்டுக் கடலட்டைகளைத் தடவி எடுத்தாள். நான் வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி அந்தோனியாரையும் அம்மனையும் பேதம் பாராமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "உமக்கு இரசாயனம்தான் சரி" என்று தண்ணீரிலிருந்தபடி கத்தினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரையில் அவள் கேட்டபோதெல்லாம் வலையை இறக்கி வள்ளம் கொடுத்தார்கள், தகப்பனார் மட்டுமல்ல, மற்றவர்களும். அது ஒரு கிழமைக்கு ஊர்ப்பேச்சாக இருந்து அடங்கிவிட்டது.

பல்கலைக்கழகத்தில் அடங்கவில்லை. இரண்டாவது பதவி ஒன்று வந்தபோது அவள் போத்தல் போத்தலாக மாதிரிகளைக் கொண்டுபோய் வைத்து, வலை இல்லாத வள்ளத்தைப் பற்றி விளக்கினாள். எழுத்தறிவு அதிகமில்லாத ஒரு கடற்கரை ஒரு பின்னேரத்தில் தீர்த்த விஷயம், படித்தவர்கள் கூடியிருந்த மேசையில் தீரவில்லை. துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தார். "ஆம்பிளையளோட தனியாக் கடலுக்குப் போறதோ? நாளைக்கு ஒரு கதை வந்தால் எங்களுக்கெல்லோ கெட்ட பேர்?" என்றார். "அது என்ர அப்பா, சேர்" என்றாள் பிலோமினா. பக்கத்திலிருந்தவர் உடனே வேறொன்றை எடுத்தார்: கலாநிதிப் பட்டம் இல்லையே. இல்லைதான். ஏன் இல்லை? அதற்கு முதல் வருடம் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் வந்தபோது, கலியாணமாகாத பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப ஏலாது என்று அதே மனிதர்கள்தான் அதை முதல் பதவியைப் பெற்ற அந்தக் கடல் விரிவுரையாளருக்குக் கொடுத்தார்கள். கதவைப் பூட்டிவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற நேர்த்தி அவர்களுக்கு நன்றாக வாய்த்திருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கேட்பீர்கள். எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. எங்கள் துறை நல்ல துறை என்பதால் அல்ல. எனக்குப் போட்டியாக விண்ணப்பித்த ஆண் கடைசி நேரத்தில் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போய்விட்டார். வெறும் கதிரையாக விட மனமில்லாமல் என்னை இருத்தினார்கள். நான் இனிப்புக் கொண்டுபோனேன். பிலோமினா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "உமக்குக் கடலில்லாத பாடம். தப்பியிட்டீர்" என்றாள். கொஞ்சம் பொறுத்தால் உமக்கும் வரும் என்று நான் சொன்னதுதான் தாமதம், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பொறுக்கச் சொல்லுறவை எல்லாரும் கதிரையில இருந்துகொண்டுதான் சொல்லினம். நிக்கிறவள் கால் நோகுது எண்டுதான் சொல்லுவள்" என்றாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவளோடு பழகுவது சுலபம் என்று யாராவது இந்த மலரில் எழுதியிருந்தால் அவர் அவளோடு பழகவில்லை.

தனக்கு வராத பதவியை நினைத்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தாள் என்றும் நினைக்கவேண்டாம். அந்தக் காலத்தில் கடற் களப்பயணத்துக்கு ஆண் மாணவர்களைத்தான் வள்ளத்தில் ஏற்றுவார்கள். பெண் மாணவிகள் கரையில் நின்று பார்ப்பார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் போத்தலுக்குள் ஊறிக்கிடந்ததைப் பார்த்துப் படம் கீறுவார்கள். பரீட்சையில் கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்று. பிலோமினா ஒரு வகுப்பு மாணவிகள் முழுப்பேரையும் கூட்டிக்கொண்டு பீடாதிபதியின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் வெளியே வந்து, என்ன இது ஊர்வலமா என்று கேட்டார். "இல்லை சேர். ஒரு கேள்விக்கு இவையள் மறுமொழி எழுத ஏலாமல் இருக்கினம். அந்தக் கேள்வியை எடுங்கோ, இல்லாட்டி இவையளைக் கடலுக்கு விடுங்கோ. ரெண்டில எதெண்டாலும் எனக்குச் சம்மதம்" என்றாள். மீனவர்கள் சம்மதித்தால் பார்க்கலாம் என்று அவர் தப்பப் பார்த்தார். அவர்கள் சம்மதித்து எவ்வளவோ காலம் என்று அவள் சொன்னாள்.

அடுத்த பயணத்தில் நெடுந்தீவுக் கரையில் வலை இறக்கிய வள்ளங்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் பாவாடையை முடிந்துகொண்டு ஏறினார்கள். புலமைப்பரிசில் முடித்துத் திரும்பியிருந்த கடல் விரிவுரையாளர் வாந்தி எடுத்து வள்ளத்தின் அடியில் படுத்துவிட்டார். அதற்காக அவரை நான் பழிக்கவில்லை, எனக்கும் வரும். ஆனால் எனக்கு யாரும் அதற்குச் சம்பளம் தரவில்லை. பிலோமினாதான் வள்ளத்துக்கு வள்ளம் தாவிப் படிப்பித்தாள். அன்று தொடக்கம் மாணவிகள் கடலுக்குப் போவது துறையின் நடைமுறையாகிவிட்டது. சில வருடங்களில் பல்கலைக்கழகக் கையேட்டின் அட்டையில், வள்ளத்தில் இருந்து சிரிக்கும் மாணவிகளின் படம் வந்தது. கீழே துறைத் தலைவரின் பெயரைப் போட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது, ஒரு பிள்ளை விழாமல் முதுகைத் தாங்கிக்கொண்டு. அது பிலோமினாவின் கை.

மூன்றாவது முறையும் விண்ணப்பித்தாள். இம்முறை போட்டியாக நின்றவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருக்குக் குடும்பப் பாரம் இருக்கிறது, உமக்கு என்ன பிக்கல் பிடுங்கல் என்று நேரிலேயே சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து மரத்தடியில் என்னோடு உட்கார்ந்தாள். "முதல்முறை கலியாணம் முடிச்சிடுவன் எண்டு தரேல்லை. இப்ப முடிக்கேல்லை எண்டு தரேல்லை. இவைக்கு நான் அரைக் கலியாணம் முடிச்சிருக்கவேணும் போல" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அந்த மரத்தடியை ஒட்டிய பாதையால்தான் நீங்கள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவள் பாதியாக வற்றியிருந்தாள். கடல் விரிவுரையாளர் மறுபடியும் வெளிநாடு போய் இம்முறை திரும்பிவரவில்லை, அந்த இடம் வெற்றிடமாகிவிட்டது என்ற செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. "மடத்துவெளிப் பிள்ளை விண்ணப்பம் போட்டிட்டாளோ?" என்று கேட்டாள். மடத்துவெளி ஊரிலிருந்து வந்து அவளிடம் வள்ளத்தில் படித்து, இப்போது அவளைப் போலவே தற்காலிக டெமொன்ஸ்ரேற்றராக நிற்கும் பிள்ளையைத்தான் கேட்டாள். ஓம் என்றேன். "நான் இந்த முறை போடேல்லை. ரெண்டு பொம்பிளை நிண்டா, ரெண்டு பேருக்கும் சண்டை எண்டு சொல்லி ரெண்டையும் விட்டிடுவினம்" என்றாள். அவள் விண்ணப்பம் போடாமல் விட்டது நோயால் அல்ல, அந்தப் பிள்ளைக்காக என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது இதையெல்லாம் யோசிக்காதையும் என்றேன். "வேற என்னத்தை யோசிக்கிறது? சாகிறதைப் பற்றியோ? அது தன்ரபாட்டில நடக்கும். நியமனம் அப்பிடி நடக்காது" என்றாள்.

அவளுடைய சவப்பெட்டியைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்த அன்று சோளகக் காற்று பலமாக வீசியது. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்திருந்த துறைத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் வெள்ளை உடுப்போடு இறங்குதுறைக்கு வந்தார்கள். கடலைப் பார்த்தார்கள், லோஞ்சைப் பார்த்தார்கள். லோஞ்சு நிறையப் பெண்கள்: அவளிடம் படித்தவர்கள், கன்னியாஸ்திரிகள், சொந்தக்காரர், கைக்குழந்தையோடு ஒருத்தி. தலைவர் என்னிடம் வந்து, "கடல் இண்டைக்குச் சரியில்லைப் போல. நீர் போறீர்தானே, இதையும் கொண்டுபோய் வையும்" என்று மலர்வளையத்தை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். துறையின் பெயரை நாடாவில் தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நெடுந்தீவில் அவளை அடக்கம் செய்யப் போன சேமக்காலை வாசலில் அவளுடைய தகப்பனார் என்னை நிறுத்திக் கேட்டார். "பெரியவை ஒருதரும் வரேல்லையோ?"

"கடல் பிழை எண்டு நிண்டிட்டினம், ஐயா."

அவர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "கடலுக்குப் பயந்த ஆக்கள் என்ர பிள்ளையை என்னத்துக்கு மறிச்சவை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார், நான் பல்கலைக்கழகத்தில் இருக்கிறவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று. அந்தக் கேள்வியை இங்கே எழுதிவைக்கிறேன், பதில் சொல்லவேண்டியவர்கள் சொல்லட்டும். மலர்வளையத்தைக் குழியருகே வைத்தேனா என்று பிறகு தலைவர் விசாரித்தார். வைக்கவில்லை. அதை லோஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கியதும் அஞ்சலிக் கூட்டம் வைத்தீர்கள். படத்துக்கு மாலை, விளக்கு, ஒருவர் பின் ஒருவராகப் பேச்சு. அவளுடைய பெயரில் வருடாவருடம் சிறந்த மாணவிக்கு ஒரு பரிசு கொடுக்கப்போவதாகத் தலைவர் அறிவித்தார். கை தட்டினீர்கள். பிறகு எல்லாரையும் எழுந்து மௌனம் காக்கச் சொன்னார். நான் எழும்பவில்லை. நோயென்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு ஒன்றுமில்லை, அந்த வெற்றிடத்தை எப்போது நிரப்பப்போகிறீர்கள் என்று நான் உரத்துக் கேட்டேன். இது அதற்கான இடம் அல்ல என்றார் தலைவர். அதற்கான இடத்தில் மூன்று முறை கேட்டாளே, என்ன கொடுத்தீர்கள் என்றேன். பின்வரிசையில் நின்ற மடத்துவெளிப் பிள்ளை பயந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் மிஸ் என்று. பிலோமினாவுக்கு ஒருநாளும் வராத பயம் அது. அந்தப் பிள்ளைக்கு அது வந்ததற்குக் காரணம் பிலோமினாவுக்கு நடந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

அவளுடைய சாமான்களில் எதையாவது எடுத்துக்கொள்ளும்படி தம்பி சொன்னார். எனக்கு வேண்டாம் என்றேன். நுணுக்குக்காட்டியும் புத்தகங்களும் மடத்துவெளிப் பிள்ளைக்குப் போகட்டும். நான் வைத்துக்கொண்டது அவளுடைய கோபத்தை. அது அவளிடம் சுத்தமாக இருந்தது, ஒருநாளும் கசப்பாகப் புளித்துப்போகவில்லை. எனக்கு அவ்வளவு நேர்த்தியாக வராது, ஆனால் பழகிக்கொள்வேன். அந்த வெற்றிடத்துக்கான நேர்முகப் பரீட்சைக் குழுவில் வேறு துறையிலிருந்து ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி, அஞ்சலிக் கூட்டத்துக்கு முன்னமே என்னைப் போட்டுவிட்டார்கள். சத்தம் போடாத ஆள் என்று நினைத்துப் போட்டிருப்பார்கள். மடத்துவெளிப் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் துருவித் துருவிக் கேட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அவள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது மேசைக்கு அந்தப் பக்கம் நான் இருப்பேன். அவளுடைய அப்பாவின் தொழிலையோ கலியாணத்தையோ கடலையோ பற்றி உங்களில் எவராவது வாயெடுத்தால், அந்த வசனத்தை முடிக்க நான் விடமாட்டேன்.